கறுத்த பல்லும் ஆவணிக் கலியாணமும்

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 27. திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன், ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. வருகிற ஆவணியில் கலியாணம், இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஓர் இடைவெளி உண்டு. அதில் இடப்பக்கத்துப் பல், ஒன்பது வயதில் சைக்கிளால் விழுந்த பிறகு மெல்ல மெல்லக் கறுத்து இப்போது சாம்பல் நிறம். மற்றப் பற்களும் மஞ்சள்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று "டீச்சர், உங்கட ஒரு பல்லு மட்டும் ஏன் செத்துப் போச்சு?" என்று கேட்டதிலிருந்து வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிக்கிறேன். மாமியாராக வரப்போகிறவரும் "படம் எடுக்க முதல் பல்லைக் கொஞ்சம் பாக்கலாமே பிள்ளை" என்று சொல்லிவிட்டார். லண்டனில் இருக்கிற பெரியம்மாவின் மகள் துருக்கிக்குப் போய் இருபது பல்லுக்கும் செரமிக் போட்டு வந்திருக்கிறா. பார்க்க நடிகை மாதிரி. எனக்கும் காசு அனுப்புகிறேன், கொழும்பில் செய் என்கிறா. இங்கே டவுனில் ஓர் அழகு நிலையத்தில் ஒரு மணித்தியாலத்தில் வெள்ளையாக்கித் தருவார்களாம். எதைச் செய்வது? அந்தக் கறுத்த பல்லுக்கு மேலே முரசில் ஒரு சின்னப் பரு வரும், உடையும், போகும். நோ இல்லை, பாமசியில் மருந்து எடுத்தால் அடங்கிவிடும், அது பெரிதில்லை. இன்னொன்று: மாப்பிள்ளை வவுனியாக்காரர். அவருடைய முன்பற்களில் சின்ன வயதிலிருந்தே மண்ணிறக் கோடுகள். அவரை மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை!

– வாசகி, உப்புவெளி

பதில்: அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் நோயைச் சரியாகப் பிடித்தவர் ஒரே ஒருவர்தான், அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை. அந்தப் பல் அநேகமாகச் செத்துத்தான் போயிருக்கிறது. பிள்ளையின் கொப்பியில் ஒரு ஸ்டார் போட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்டிருப்பது வெள்ளையாக்குவதைப் பற்றி. நான் முதலில் கதைக்கப்போவது அந்தப் பருவைப் பற்றி. மற்ற எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டு அதை ஒரு வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். கிளினிக்கிலும் இப்படித்தான் நடக்கும். அரை மணித்தியாலம் வேறு எதையோ கதைத்துவிட்டு, எழும்பிப் போய்க் கதவுப் பிடியில் கை வைத்தபடி "டொக்டர், இன்னுமொன்று, பெரிசா ஒண்டுமில்லை..." என்று தொடங்குவார்கள். அதற்காகத்தான் வந்திருப்பார்கள்.

நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். பல் வெளியில் கல்லு மாதிரி இருந்தாலும் நடுவில் ஒரு குடைவு உண்டு. அதற்குள் நரம்பும் இரத்தக் குழாயும் சேர்ந்த மெல்லிய சதை இருக்கிறது. அந்தச் சதைக்கு இரத்தம் வருகிற வழி வேர் நுனியில் உள்ள சின்னத் துளைதான். நீங்கள் விழுந்த அடியில் அந்த இடத்தில் குழாய் அறுந்திருக்கும். உள்ளே கசிந்த இரத்தம், பல்லின் மேலோடான எனாமலுக்கு அடியில் இருக்கிற டென்டின் என்ற படையின் நுண்குழாய்களுக்குள் ஊறும். வெள்ளைச் சட்டையில் பட்ட இரத்தம் நாளாக நாளாகக் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள்தானே, பல்லுக்குள்ளும் அதேதான். ஆகவே உங்கள் பல் கறுத்தது உள்ளேயிருந்து. மேலால் எதைத் தேய்த்தாலும் அது அசையாது.

செத்த சதை உள்ளே சும்மா கிடக்காது. கிருமி சேரும், வேர் நுனிக்கு வெளியே எலும்பில் சீழ் கட்டும். சீழ் எலும்பைக் கரைத்துக்கொண்டு வந்து முரசில் ஒரு வாசல் திறக்கும். அந்த வாசல்தான் உங்களுடைய 'சின்னப் பரு'. சீழ் வடிய வழி இருக்கிறதால் உள்ளே அமுக்கம் ஏறாது, அமுக்கம் ஏறாததால் நோவும் இல்லை. நோ இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாசல் ஒருநாள் அடைபட்டால் முகம் வீங்கும், அது கலியாணத்துக்கு முதல் கிழமையாகவும் இருக்கலாம்.

பாமசி மருந்தை இனி வாங்க வேண்டாம். பல்லுக்குள் இரத்த ஓட்டமே நின்றுபோன பிறகு அன்டிபயோட்டிக் எந்த வழியால் உள்ளே போகும்? சுற்றியிருக்கிற சீழ் கொஞ்சம் அடங்கும், ஊற்று அப்படியே இருக்கும்.

இந்த நிலையில் அந்தப் பல்லின் மேல் வெனீர் என்கிற சிப்பியோ கிரவுண் என்கிற தொப்பியோ ஒட்டுவது, கூரை ஒழுகிச் சுவர் ஊறிப்போயிருக்க மேலால் பெயின்ற் அடிக்கிற வேலை. கலியாண வீட்டுக்கு வடிவாக இருக்கும். அடுத்த மாரிக்கு என்ன செய்வது?

சரி, முதல் நாள் போனால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், தெரிந்து போனால் பயம் குறையும். பஞ்சில் குளிர் மருந்து தெளித்து முதலில் நல்ல பல்லில் வைப்பார்கள். சுரீர் என்று கூசும். பிறகு கறுத்த பல்லில் வைப்பார்கள். அங்கே ஒன்றும் தெரியாவிட்டால் கதை பாதி முடிந்தது. அடுத்து எக்ஸ்றே, வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம் தெரிகிறதா என்று பார்க்க. பரு திறந்திருக்கிற நேரமாக இருந்தால் இன்னொரு வேலையும் செய்யலாம். குட்டா பெர்ச்சா என்று ஒரு பொருள் இருக்கிறது. மரப்பாலிலிருந்து வருகிறது, ரப்பருக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் செய்த மெல்லிய குச்சி ஒன்றை அந்தத் துளைக்குள் மெதுவாக விட்டு எக்ஸ்றே எடுத்தால், படத்தில் வெள்ளைக் கோடாக வளைந்து போய் எந்தப் பல்லின் வேரில் சீழ் ஊறுகிறது என்று விரலால் காட்டுகிற மாதிரிக் காட்டும். சில வேளை கறுத்த பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைக் காட்டும். சைக்கிளால் விழும்போது அடி ஒரு பல்லை மட்டும் தேர்ந்தெடுத்து விழுவதில்லையே.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கலாம். ஒன்பது வயதில் விழுந்திருக்கிறீர்கள். மேல் நடுப்பல் ஏழு எட்டு வயதில் முளைத்தாலும் அதன் வேர் கட்டி முடிய ஏறக்குறைய பத்து வயதாகும். கட்டி முடிய முதலே உள்ளே செத்திருந்தால், வேர் நுனி கூம்பாக ஒடுங்காமல் குழாய் மாதிரித் திறந்தபடி நின்றிருக்கும். அடி இல்லாத வாளிக்குள் எதை நிரப்புவது? அப்படியானால் முதலில் நுனியில் ஓர் அடைப்புப் போட வேண்டும். எம்.டி.ஏ. என்கிற ஒரு வகைச் சீமெந்து அதற்குப் பாவிக்கிறோம். பகிடி இல்லை, நம்முடைய சீனக்குடாவில் அரைக்கிற சீமெந்துக்கு அது தூரத்து உறவுதான், இரண்டும் போர்ட்லண்ட் சீமெந்துப் பரம்பரை. இந்த வேலைக்கு விசேட பயிற்சி உள்ள வைத்தியரிடம் அனுப்பக்கூடும், இரண்டு மூன்று தடவை போகவும் வரும். அதனால்தான் ஆடி பிறக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் இந்தக் கிழமையே தொடங்கச் சொல்கிறேன். வேர் ஒழுங்காக மூடியிருந்தால் அதிர்ஷ்டம். முன்பல்லுக்கு ஒரே வேர், ஒரே கால்வாய், உள்ளே செத்த சதையை எடுத்துச் சுத்தம் பண்ணிக் கால்வாயை அடைக்கிற ரூட் கனால் வைத்தியத்தில் எங்களுக்கு இலேசான பல் அதுதான்.

எங்கே போவது? திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் பல் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே காட்டலாம். காசில்லை, காத்திருக்கத்தான் வேண்டும். தனியாரிடம் போவதானால் அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பல் வைத்தியரா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சரியான ஆள் கோபிக்க மாட்டார்.

ரூட் கனால் முடிந்த பிறகுதான் நிறம். இங்கேதான் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. கறுப்பு உள்ளேயிருந்து வந்ததால் உள்ளேயிருந்தே வெளுக்கவும் முடியும். ரூட் கனாலுக்காகப் பல்லின் பின்பக்கத்தில் திறந்த அதே துளையால், வேர்க்கால்வாயின் வாயைச் சீமெந்தால் இறுக்கி மூடிவிட்டு, அதற்கு மேலே இருக்கிற வெற்றிடத்தில் சோடியம் பெர்போரேட் என்ற மருந்தைத் தண்ணீரில் குழைத்து ஈர மணல் மாதிரி அடைப்போம். வெளியே தற்காலிக அடைப்புப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். நீங்கள் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பித்துக்கொண்டிருக்க, பல் தன்பாட்டில் உள்ளே வெளுக்கும். ஒரு கிழமையில் வந்தால் மருந்தை மாற்றுவோம். அநேகமாக இரண்டு முதல் நான்கு தடவை போதும். சாம்பல் மெல்லத் தேன் நிறமாகி, தேன் பால் நிறமாகி வருவதைப் பார்க்க, எத்தனையாவது ஆளுக்குச் செய்தாலும் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான். நோயாளி கண்ணாடியை வாங்கிப் பார்க்கிற விதமே மாறிவிடும். முதல் நாள் வாயை மட்டும் பார்ப்பார்கள். கடைசி நாள் முழு முகத்தையும் பார்ப்பார்கள்.

கெதியாக நடக்கட்டும் என்று சூடு காட்டி, செறிவு கூடிய பெரொக்சைட்டை உள்ளே வைக்கிற பழைய முறை ஒன்று உண்டு. அதற்குச் சம்மதிக்க வேண்டாம். முரசு விளிம்பருகே வேர் வெளியிலிருந்து அரித்துக்கொண்டு போகிற ஆபத்து அதில் கூடுதல். நான் சொன்ன முறையிலும் வருடக்கணக்கில் தாமதித்துப் பழைய நிறம் கொஞ்சம் திரும்பி வரலாம், அப்போது பின்பக்க அடைப்பைத் திறந்து மறுபடி வைக்கலாம். எனாமலில் ஒரு நூலளவும் அரைக்கத் தேவையில்லை.

இப்போது லண்டன் அக்காவுக்கு வருவோம். அவவுக்குப் போட்டது வெனீரா கிரவுணா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டையும் ஒரே மாதிரிச் 'செரமிக்' என்றுதான் விற்கிறார்கள். வெனீர் என்பது பல்லின் முன்முகத்தில் ஒட்டுகிற சிப்பி, நகத்தளவு மெல்லியது. கிரவுண் என்பது பல்லைச் சுற்றிலும் அரைத்துச் சிறு முளையாக்கிவிட்டு மேலே கவிழ்க்கிற தொப்பி. 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அரைத்துப் போன பங்கைப் பற்களை நிறுத்தே பார்த்தார்கள். வெனீருக்கு முறையைப் பொறுத்து 3 முதல் 30 சதவீதம், முன்பல்லின் முழுக் கிரவுணுக்கு 63 முதல் 72 சதவீதம். மூன்றில் இரண்டு பங்குப் பல் தூசாகப் போகிறது. 'துருக்கிப் பல்' என்று இங்கிலாந்தில் பேச்சாகிப்போனது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். செரமிக் ஒட்ட முதல் எடுத்த படம் அக்காவின் போனில் இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். சுறாப் பல் மாதிரி இருபது முளை நிற்கும். பல்லை அவ்வளவு அரைத்தால் உள்ளே இருக்கிற சதைக்கும் அது ஒரு அடிதான். நீங்கள் ஒன்பது வயதில் ஒரு பல்லுக்கு வாங்கிய அடியைக் காசு கொடுத்து இருபது பல்லுக்கு வாங்குவானேன்? எல்லாப் பல்லும் சாகாது, ஆனால் சில சாகும், பத்துப் பதினைந்து வருடத்தில் செரமிக்கும் மாற்ற வரும். அப்போது உங்களுக்கு வயது 40 தான் ஆகியிருக்கும்.

இந்த வெனீரின் கதையே விசித்திரம். ஹொலிவூட் நடிகர்களுக்காக 1930களை ஒட்டி சார்ல்ஸ் பிங்கஸ் என்ற கலிபோர்னியப் பல் வைத்தியர் செய்தது. கட்டுப்பல் ஒட்டுகிற பவுடரால் ஒட்டுவார், படப்பிடிப்பு முடிய நடிகர் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார். செரமிக்கை அமிலத்தால் பொறித்துப் பல்லோடு நிரந்தரமாக ஒட்டுகிற முறை 1980களில்தான் வந்தது. நடிகர் கழற்றி வைத்ததை நாங்கள் கழற்ற முடியாதபடி ஒட்டிக்கொள்கிறோம்.

வெனீரே கூடாது என்று நான் சொல்லவில்லை. எனாமல் பிறவியிலேயே சரியாக உருவாகாதவர்கள், டெட்ராசைக்ளின் மருந்தால் பல் நீலம் பாய்ந்தவர்கள், அமிலத்தால் முன்பல் தேய்ந்துபோனவர்கள், இவர்களுக்கெல்லாம் நானே சொல்லியிருக்கிறேன், நன்றாகவும் வந்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஒரு பல்லுக்கு நோய், மற்றவற்றுக்குத் தேத்தண்ணி. அக்காவிடம் காசைக் கலியாணச் சேலைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அழகு நிலையம் வேண்டாம். பல்லை வெளுக்கிற மருந்து பெரொக்சைட். முரசில் பட்டால் வெந்து வெளிறிப் போகும், சூத்தைப் பல்லுக்குள் இறங்கினால் இரவு முழுக்க நித்திரை இராது. வாயைத் திறந்து எங்கே சூத்தை, எங்கே வெடிப்பு, எங்கே பழைய அடைப்பு என்று பார்க்கத் தெரியாதவரின் கையில் அதைக் கொடுக்கலாமா? ஒரு சூட்சுமத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணித்தியாலம் வாயைத் திறந்துவைத்து நீல வெளிச்சம் அடித்தால், மருந்தே போடாவிட்டாலும் பல் காய்ந்து வெள்ளையாகத்தான் தெரியும். அந்த நேரம் படம் எடுத்துக் காட்டுவார்கள். அடுத்த நாள் எச்சில் ஊறிப் பாதி நிறம் திரும்பிவிடும்.

உங்கள் மஞ்சள் எவ்வளவு மஞ்சள் என்பதும் எனக்குச் சந்தேகம்தான். டென்டின் இயல்பிலேயே மஞ்சள், எனாமல் கண்ணாடி மாதிரி. ஆகவே ஆரோக்கியமான பல்லும் கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருக்கும். புலவர்கள் பல்லுக்கு முல்லை அரும்பைத்தான் சொன்னார்கள், சுண்ணாம்பைச் சொல்லவில்லை. முதலில் பல்லில் படிந்து இறுகின காரையை எடுத்துச் சுத்தம் பண்ணுங்கள், அதைத்தான் ஸ்கேலிங் என்கிறோம். 'ஸ்கேலிங் பண்ணினால் பல் ஆடும்' என்று அம்மா சொல்லுவா. பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் காரை சீமெந்து மாதிரி இறுகிக் கிடந்ததை எடுத்தவுடன் நாக்குக்கு இடைவெளி தெரியும், அவ்வளவுதான். பல்லை ஆட்டுவது அந்தக் காரைதான். நாளுக்கு நாலைந்து பிளேன்ரீ குடிக்கிற டீச்சருக்கு ஸ்கேலிங்கே ஒரு படி வெள்ளையாக்கிவிடக்கூடும்.

அதற்கு மேலும் வேண்டுமென்றால் வீட்டில் செய்கிற முறைதான் என் தேர்வு. பல்லை அச்செடுத்து மெல்லிய பிளாஸ்ரிக் உறை செய்து தருவோம். 10 சதவீத கார்பமைட் பெரொக்சைட் ஜெல்லை அதற்குள் பொட்டுப் பொட்டாக வைத்து இரவில் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு கிழமை. பல் கூசினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள், அவசரம் இல்லை. கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் இதைத் தள்ளிப்போடச் சொல்வோம். கலியாணத்துக்குப் பிறகு செய்வோம் என்று நினைக்காதீர்கள் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். உமிக்கரி, உப்பு, எலுமிச்சம்புளி, இப்போது கடையில் டியூபில் வருகிற கரிப் பற்பசை எல்லாம் எனாமலைத் தேய்க்கும், கரைக்கும். எனாமல் தேயத் தேய அடியில் உள்ள மஞ்சள்தான் கூடுதலாகத் தெரியும். போன எனாமல் திரும்ப வளராது.

இனி அந்த இடைவெளி. கடிதத்தைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். கறுப்பைப் பற்றிப் பிள்ளை கேட்டது, மஞ்சளைப் பற்றி நீங்கள் வருந்துகிறீர்கள், இடைவெளியைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே அது பிடிக்கவில்லையா, அல்லது எழுதுகிற வேகத்தில் சேர்த்துவிட்டீர்களா? கறுப்புப் போன பிறகு அந்த இடைவெளி உங்கள் முகத்துக்கு நல்ல வடிவாகவும் இருக்கக்கூடும்.

மூடத்தான் வேண்டும் என்றால், கம்பி போடுவது ஆவணிக்கு முடிகிற வேலை இல்லை. சீழ் உள்ள பல்லை ஆறவைக்காமல் நகர்த்தவும் கூடாது, நகர்த்திய பிறகு திரும்பி ஓடாமல் ரிடெய்னர் போட்டுப் பிடித்துக்கொண்டும் இருக்க வேண்டும். உங்களுக்குப் பொருத்தம் கொம்பொசிற். பல் நிறத்தில் உள்ள பிசின். இரண்டு பல்லின் உள்விளிம்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நீல வெளிச்சத்தில் இறுக்கி மினுக்குவோம். அநேகமாக அரைக்கத் தேவையில்லை, ஊசியும் தேவையில்லை. ஐந்து முதல் ஏழு வருடத்தில் ஓரம் உடையும், நிறம் ஏறும், மறுபடி செய்யலாம். வைத்தியரிடம் ஒன்று கேளுங்கள்: ஒட்டுப் பசை போடாமல் சும்மா வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடியில் பாருங்கள், செல்ஃபி எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்புங்கள், பிடிக்காவிட்டால் நகத்தால் தள்ள விழுந்துவிடும்.

இணையத்தில் பார்த்துவிட்டு ரப்பர் பான்ட் போட்டு இடைவெளியை மூடப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். பல் மேலே அகலம், வேரில் கூம்பு. ரப்பர் வழுக்கி முரசுக்குள் ஏறி, வேரைச் சுற்றியிருக்கிற எலும்பைத் தின்றுகொண்டே போகும். கடைசியில் இரண்டு நல்ல பல் கையோடு வரும். உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாமாருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

வெளுத்த பிறகு குறைந்தது இரண்டு கிழமை பொறுத்துத்தான் கொம்பொசிற் போட வேண்டும். பெரொக்சைட் போட்ட பல்லில் மிஞ்சியிருக்கிற ஒட்சிசன் பிசினை இறுகப் பிடிக்கவிடாது. அதோடு, கொம்பொசிற்றை வெளுக்க முடியாது. அது எந்த நிறமோ அந்த நிறம்தான். இதில் நானே ஒருமுறை தடுக்கி விழுந்திருக்கிறேன். படிப்பு முடித்து வந்த புதிதில், கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்க ஒரு பிள்ளை வந்தது, முன்பல்லின் மூலை உடைந்து. பல்லைக் காயவைத்து, பஞ்சு எல்லாம் வைத்து, எல்லாம் ஆயத்தமான பிறகு விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்த்தேன். காய்ந்த பல் வெள்ளையாகத்தானே தெரியும்? அந்த வெள்ளைக்குச் சரியான வெள்ளையைப் போட்டேன், இருக்கிற இடமே தெரியவில்லை. எனக்கு ஒரே பெருமை. அடுத்த நாள் காலை தாயோடு வந்து நிற்கிறா. பல் தன் நிறத்துக்குத் திரும்பிவிட்டது, நான் வைத்த மூலை மட்டும் சுண்ணாம்பு தடவின மாதிரி. அழாக்குறையாக மன்னிப்புக் கேட்டு, கழற்றி, திரும்பச் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து நாற்காலியில் இருத்த முதல் ஆளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். 16 நிறம் கொண்ட பல் அட்டையைப் பகல் வெளிச்சத்தில், ஈரப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன். ரோட்டால் போகிறவர்கள் பார்ப்பார்கள். ஒருநாள் நம்முடைய டவுனில் திரிகிற புள்ளிமான் ஒன்று வந்து நின்று, நான் அட்டையில் ஏ2 நிறத்தை எடுப்பதா ஏ3 நிறத்தை எடுப்பதா என்று முடிவெடுக்கும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகவே கணக்கு இப்படி வரும்: இந்த மாதம் எக்ஸ்றே, ரூட் கனால், ஸ்கேலிங். அடுத்த மாதம் கறுத்த பல்லை உள்ளேயிருந்து வெளுப்பது, அதே நேரத்தில் மற்றவற்றுக்கு இரவு உறை. பிறகு இரண்டு கிழமை ஒன்றுமே செய்யாமல் இருப்பது. ஆடியில் நல்ல காரியம் ஒன்றும் வைக்க மாட்டார்கள், கொம்பொசிற் வைக்கலாம், தோஷமில்லை. கலியாணத்துக்கு முதல் கிழமை மினுக்குவதைத் தவிர வேறு எதற்கும் நாற்காலியில் ஏறாதீர்கள். கலியாண வீட்டு வெற்றிலைத் தட்டை வணங்கி வாங்கிப் பக்கத்தில் வையுங்கள், வாயில் போட வேண்டாம். புதுக் கொம்பொசிற் சிவப்பதை விடப் பெரிய காரணமும் உண்டு. இந்த நாட்டு ஆண்களுக்கு வருகிற புற்றுநோயில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான், பாக்கு அதற்கு நேரடிக் காரணங்களில் ஒன்று.

மாப்பிள்ளையின் மண்ணிறக் கோடுகள் அநேகமாகப் புளோரைட். வவுனியா, அனுராதபுரம் பக்கம் பல கிணறுகளில் அது கூடுதல். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரை என்று எல்லை சொல்லியிருக்கிறது. அதைத் தாண்டிய தண்ணீரை, நிரந்தரப் பற்கள் தாடைக்குள் உருவாகிற எட்டு வயது வரையான காலத்தில் குடித்தவர்களுக்கு எனாமலில் இப்படிக் கோடும் புள்ளியும் விழும். நோவில்லை, தொற்றாது. அவர் விரும்பினால் மேலோட்டமாக அமிலமும் நுண்தூளும் கொண்டு மினுக்கி, பிறகு வெளுத்து, நிறையக் குறைக்கலாம். விரும்பாவிட்டால் அப்படியே விடலாம். அவரை ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருடமாக இந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். கலியாணத்துக்கு முதல் தாயால் கூட்டிக்கொண்டு வரப்படுகிற மாப்பிள்ளைமாரை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மாமியிடம் சொல்லுங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு வரட்டும், ஸ்கேலிங்காவது பண்ணிவிடுவோம்.

கடைசியாக ஒன்று. முடிந்தால் பரு வந்திருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். அதற்காகக் கிழமைக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். அதுவரை அதை நகத்தால் கிள்ளவோ ஊசியால் குத்தவோ வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ கன்னம் வீங்கினாலோ நாள் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.